மாடிப் போர்ஷனில் ஓர் அல்பாக்கா

பூங்கோதையின் வீட்டு மாடிப் போர்ஷனுக்கு ஓர் அல்பாக்கா குடிவந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள்.

மேட்டுப்பாளையத்தில், மலைக்குப் போகிற சாலையை ஒட்டிய தெரு அது. தெருவில் பாதிப் பேர் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள். மீதிப் பேர் அதில் குடியிருக்கிறவர்கள். பூங்கோதையின் அப்பா சென்னியப்பன் முதல் வகை. வாசலை ஒட்டியே மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தால், உள்ளே இருக்கிற கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுச் செப்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார்.

அல்பாக்கா வாசலில் நின்றது. நீளக் கழுத்து. உச்சந்தலையில் பஞ்சு மிட்டாயைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கொண்டை. வேல் முனை போல நிமிர்ந்த இரண்டு காதுகள். தலையோடு சேர்த்து அளந்தால் ஆறாம் வகுப்புப் படிக்கிற பூங்கோதையின் உயரம். பூங்கோதைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடிக்காவிட்டால் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருப்பாள்.

"ஊரு எதுங்க?" என்று அப்பா கேட்டார்.

"ம்ம்ம்" என்றது அல்பாக்கா.

"தென்னமெரிக்காப்பா!" என்றாள் பூங்கோதை. "பெரு, பொலிவியா அந்தப் பக்கம். ஆண்டீஸ் மலை. ஒட்டகத்துக்குச் சொந்தம்."

"ஒட்டகமா? முதுகுல திமிலக் காணமே."

"இது சித்தப்பா வீட்டு வழிப்பா. அவங்களுக்குத் திமில் கெடயாது."

அவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

அம்மா ருக்குமணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "சைவங்களா?"

"ம்ம்ம்."

"புல்லு, வைக்கோலு, அவ்வளவுதாம்மா."

அம்மாவுக்கு அது போதும். அப்பாவுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"குடும்பங்களா, தனியாளுங்களா?"

இந்தக் கேள்விக்கு அல்பாக்கா ஒன்றும் சொல்லவில்லை. தெருவைத் திரும்பிப் பார்த்தது. தெருவில் யாரும் இல்லை.

"குடும்பம் பின்னால வருதாம்ப்பா" என்று பூங்கோதை சொன்னாள். பொய். அது அத்தனை சுலபமாக வாயில் வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

"வந்துரோணும்" என்றார் அப்பா. "தனியாளுக்கு நான் வீடு குடுக்கறதில்லீங்க. ஒருத்தருக்குக் குடுத்துத் தெருவே பேசிப் போச்சு."

அல்பாக்கா படியேறியது. சத்தமே கேட்கவில்லை. அதற்குக் குளம்பு கிடையாது. காலுக்கு இரண்டு விரல், முன்னால் நகம், அடியில் மெத்தை மாதிரி சதை. அம்மா அடுக்களையிலிருந்து காதைத் தீட்டிக் கேட்டுப் பார்த்தாள். "இத்தன வருசத்துல இப்படி ஒரு ஆளு மாடி ஏறுனதில்ல" என்றாள்.

குடிவந்தவர் நல்லவராகத்தான் இருந்தார். கண்ட இடத்தில் சாணம் போடவில்லை. பின்பக்கம் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, தினமும் அங்கேயே போய்ப் போட்டது. அதன் கூட்டத்தார் எல்லாருமே அப்படித்தான், ஊருக்கு ஒரே இடம் என்று பூங்கோதை விளக்கினாள். அம்மா அதை அள்ளிக் கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டாள். செடி மறுநாள் ஜன்னலைத் தட்டி, போதும் என்றது.

மேல்வாயில் முன்பற்கள் இல்லை. அதனால் புல்லைக் கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவில் கொடுத்து நறுக்கும். வேரோடு பிடுங்காது. எதிர்வீட்டுக்காரர்கள் வாசலில் வளர்ந்திருந்த புல்லைக் கத்தரித்தது போல மேய்ந்துவிட்டு வந்தது. அவர்கள் ஒரு தூக்கில் பாயசம் கொடுத்தனுப்பினார்கள். அதைப் பூங்கோதை குடித்தாள்.

வெயில் ஏறியது. "பாவம், பங்குனியில ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்குது அந்தத் தம்பி" என்று சொல்லி அம்மா தையல் கத்திரியோடு மாடிக்குப் போனாள். வருசத்துக்கு ஒருமுறை, கோடைக்கு முன்னால், அல்பாக்காவுக்கு ரோமம் வெட்டியாக வேண்டும். அம்மா வெட்ட வெட்ட, ரோமம் படிகளில் வழிந்து கீழே வந்தது. முதல் படி, இரண்டாம் படி என்று நிரப்பிக்கொண்டு கடைக்குள் நுழைந்தது. அப்பா அதைக் கையில் எடுத்தார். ஆட்டு ரோமம் மாதிரி குத்தவில்லை. எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. வெயிலில் காய்ந்த பூனையைத் தடவின மாதிரி இருந்தது. கை சும்மா இருக்காமல் அதை முறுக்கி, செப்புக் கம்பிக்குப் பதிலாக நம் வீட்டு மோட்டாருக்கே சுற்றிப் பார்ப்போம் என்று சுற்றினார்.

மோட்டார் ஓடியது. சூடே ஆகவில்லை. குழாயில் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது.

ஆனால் பூங்கோதையின் சந்தோஷம் இதிலெல்லாம் இல்லை. அவள் கதை சொல்கிற பெண். வாயைத் திறந்தால் ஒரு கதை வரும். கேட்கத்தான் வீட்டில் ஆள் கிடையாது. அப்பாவிடம் ஆரம்பித்தால், "அந்த ஸ்பேனரை எடு கண்ணு" என்பார். அம்மாவிடம் ஆரம்பித்தால் குக்கர் கத்தும். கதைக்கு யாராவது "ம்" கொட்ட வேண்டும். "ம்" கொட்டாத கதை பாதியில் நின்றுவிடும். அவளிடம் அப்படிப் பாதியில் நின்ற கதைகள் கட்டிலுக்கு அடியில் நிறைய இருந்தன. பெருக்கும்போது அம்மா துடைப்பத்தால் அவற்றை ஒதுக்கிவிடுவாள்.

அல்பாக்கா "ம்" கொட்டியது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் மாடிக்கு ஓடுவாள். ராஜா வேட்டைக்குப் போனார் என்பாள். "ம்ம்ம்." வழியில் ஒரு கிணறு பேசியது என்பாள். "ம்ம்ம்?" கிணறு ராஜாவைப் பார்த்துச் சிரித்தது என்பாள். "ம்ம்ம்!" அல்பாக்காக்கள் அப்படித்தான், மூக்காலேயே முனகிப் பேசிக்கொள்ளும். பூங்கோதைக்கு அது மூச்சு முட்டுகிற சந்தோஷம். கட்டிலுக்கு அடியில் இருந்த கதைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து முடித்தாள்.

ஒருநாள் அப்பா மாடிக்கு வந்தார். "குடும்பம் எப்ப வருதுங்க?" என்று கேட்டார்.

அல்பாக்கா காதைப் பின்னால் மடக்கியது. மோவாயைத் தூக்கியது. பிறகு துப்பியது. பச்சையாக, கறிவேப்பிலைத் துவையல் மாதிரி, அப்பாவின் சட்டையில்.

அப்பா சட்டையைப் பார்த்தார். "வெத்தல போடுவாப்லயா?" என்று பூங்கோதையிடம் கேட்டார்.

"கோவம் வந்தா துப்பும்ப்பா. பொதுவா அவங்களுக்குள்ளதான் துப்பிக்குவாங்க. உங்கள வீட்டு ஆளுன்னு நெனச்சுட்டாப்ல."

அப்பா அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார். சட்டையை மாற்றவில்லை.

அதற்கு அப்புறம் அல்பாக்கா "ம்" சொல்வதை நிறுத்திவிட்டது.

பூங்கோதை தன்னிடம் இருந்ததிலேயே நல்ல கதையைச் சொன்னாள். பதில் இல்லை. கால்களை மடக்கி அடியில் வைத்து உட்கார்ந்து, கழுத்தைத் தரையோடு நீட்டிப் போட்டிருந்தது. வைக்கோல் வைத்தது வைத்தபடி இருந்தது. கீழே மோட்டாரும் நின்றது. குழாயில் தண்ணீர் ஜில்லென்று வந்தது.

கால்நடை டாக்டர் மெஹருன்னிஸா ஸ்கூட்டரில் வந்தார். கண் இமையை விரித்துப் பார்த்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"மூணு அறை வயிறு. மூணும் சரியா இருக்கு" என்றார். "உடம்புக்கு ஒண்ணுமில்ல. தனியா இருக்கு, அதுதான் சீக்கு."

"அதுக்கு மருந்து எழுதிக் குடுங்க டாக்டர்" என்றாள் அம்மா.

"மருந்து இன்னொரு அல்பாக்காதான். ரெண்டு இருந்தா நல்லது. கூட்டமா இருந்தா ரொம்ப நல்லது. இது கூட்டத்தோட வாழற பிராணிம்மா. தனியா விட்டா சாப்பாட்ட விட்டுரும். அப்புறம் நம்மளயும் விட்டுரும்."

அப்பா பூங்கோதையைப் பார்த்தார். "குடும்பம் வருதுன்னியே கண்ணு?"

அவள் அல்பாக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் கிளம்புகிற வழியில் நின்று, மாடிப்படிச் சுவரில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். புருவம் உயர்ந்தது. "மேல நெறையப் பேர் இருக்காங்களே" என்றார்.

"மேல மொட்டை மாடிதானுங்க. தண்ணித் தொட்டி இருக்குது."

"தொட்டிக்கு மேல?"

"தொட்டிக்கு மேல நாங்க போனதில்லீங்க" என்றார் அப்பா.

"போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

பூங்கோதை சட்டென்று எழுந்தாள். "வருதுன்னுதானப்பா சொன்னேன்! கூட்டிட்டு வர்றது நாமதான்!" என்று கத்திக்கொண்டே அல்பாக்காவின் கழுத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அது மெல்ல எழுந்தது. அம்மா புளிச்சோறு கட்டினாள். அப்பா டார்ச் லைட்டும் ஒரு ஸ்பேனரும் எடுத்துக்கொண்டார்.

தொட்டிக்குப் பின்னால் படிகள் இருந்தன. மேலே போய்க்கொண்டே இருந்தன.

"நான் கட்டின வீடு" என்று அப்பா முனகினார். "கொத்தனாரு என்னையக் கேக்காம என்னென்ன பண்ணி வெச்சிருக்காரு பாரு."

ஏறினார்கள். தெரு சின்னதானது. ஊர் சின்னதானது. பவானி ஆறு அம்மாவின் ஜாக்கெட் நூல் அளவுக்கு ஆனது. காற்று குளிர்ந்தது. அப்பாவுக்கு மூச்சு வாங்கியது, அம்மாவுக்கும்தான். அல்பாக்காவுக்கோ காது நிமிர்ந்தது. உயரத்தில் காற்று இளைத்துப்போகும். அந்த இளைத்த காற்றுக்கென்றே செய்த ரத்தம் அல்பாக்காவின் ரத்தம். பூங்கோதை குளிருக்கு அதன் கழுத்தில் கையைப் புதைத்துக்கொண்டாள். கீழே வெட்டிய ரோமம் இங்கே திரும்ப வளர்ந்திருந்தது.

அப்பாவால் முடியவில்லை. "தம்பி, கொஞ்ச தூரம்" என்று சொல்லி அல்பாக்காவின் முதுகில் உட்காரப் போனார். அது காலை மடக்கிப் படியில் உட்கார்ந்துவிட்டது. அப்பா எழுந்தார். அதுவும் எழுந்தது. அவர் மறுபடி உட்காரப் போனார். அதுவும் உட்கார்ந்தது.

"ஆளச் சொமக்கற பிராணி இல்லப்பா அது."

"மரியாதையா சொல்றாப்ல" என்றார் அப்பா. நடந்தார்.

படி ஒரு திருப்பத்தில் நின்றது. அங்கே ஒரு கதவு. பெயின்ட் அவர்கள் வீட்டுப் பெயின்ட்தான். அப்பா தட்டினார். ஸ்வெட்டரும் குல்லாவும் போட்ட ஒரு மனிதர் திறந்தார். அவருக்குப் பின்னால் அல்பாக்கா மாதிரியே, ஆனால் அதைவிட உசரமாக, நீள முகத்தோடு ஒரு மிருகம் எட்டிப் பார்த்தது.

அப்பாவின் முகம் மாறியது. "எட்வின்தானே நீங்க?"

"ஆமாங்கண்ணா."

எட்வின் போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். பூங்கோதை பிறப்பதற்கு முன்னால் மாடியில் குடியிருந்தார். தனியாள். தெருவில் பேசிக்கொள்கிறார்கள் என்று அப்பா காலி பண்ணச் சொன்னார். என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அப்பாவுக்கு அப்போதும் தெரியாது.

"காலி பண்ணிட்டுப் போனீங்களே?"

"காலி பண்ணிட்டேன். கீழ எறங்குனா தனியாளுக்கு யாரும் வீடு குடுக்கறதில்லீங்க. அதான் மேல வந்துட்டேன்."

அப்பா ஸ்பேனரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"சாப்பிட்டீங்களா தம்பி?" என்று அம்மா கேட்டுக்கொண்டே புளிச்சோற்றைப் பிரித்தாள்.

எட்வின் நின்றபடியே சாப்பிட்டார். ரொம்ப நாளைக்கு அப்புறம் புளிச்சோறு சாப்பிடுகிறவர் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டார்.

"உங்க அல்பாக்கா ரொம்பப் பெருசுங்கண்ணா" என்றாள் பூங்கோதை.

"இது லாமா அம்மிணி. காதப் பாரு, வாழப்பழம் மாதிரி வளைஞ்சிருக்குதா? உங்களோடதுக்கு நேரா இருக்குது. லாமா சொம தூக்கும். அல்பாக்காக் கூட்டத்துக்குக் காவலும் இதுதான் நிக்கும். கூட்டம் இங்கதான் மேல இருக்குது. ஆனா பனி மூடியிருக்குது. நீங்க போனா பயந்து ஓடிரும்."

"கூப்புட்டா வராதா?"

"அவங்க பாஷையில கூப்புடோணும். உங்க ஆள் கூப்புட்டாத்தான் உண்டு."

எட்வின் லாமாவை அழைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். படி முடிந்த இடத்தில் வெட்டவெளி. பனி தடுப்புச் சுவர் மாதிரி நின்றது. அதற்குப் பின்னால் நிறையக் கால்கள் புல்லில் மெத்மெத்தென்று நகர்வது கேட்டது. பூங்கோதை ஒரு அடி எடுத்து வைத்தாள். உள்ளேயிருந்து துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி கிறீச்சென்று ஒரு கத்தல். அது அல்பாக்காக்களின் எச்சரிக்கை. ஆபத்து, ஓடுங்கள் என்று அர்த்தம். கால்கள் விலகத் தொடங்கின.

"கூப்புடு!" என்று பூங்கோதை தன் அல்பாக்காவைப் பிடித்து உலுக்கினாள். அது பனியையே பார்த்துக்கொண்டு நின்றது. வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் "ம்" வரவில்லை. கால்களின் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கதை சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒரு ஊர்ல ஒரு மாடி வீடு இருந்துச்சு."

பதில் இல்லை.

"அந்த வீட்டுல ஒருத்தர் குடியிருந்தார்."

பதில் இல்லை. குரல் உடைந்தது. "அவருக்கு... அவருக்கு யாருமே இல்ல."

கதை அங்கே நின்றது. நகரவில்லை. இதுவும் கட்டிலுக்கு அடியில்தான் போகும் என்று அவள் நினைத்தபோது, பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது.

"ம்" என்றார் அப்பா.

பூங்கோதை திரும்பிப் பார்த்தாள். அப்பா பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேல சொல்லு கண்ணு."

"அவரப் போகச் சொல்லிட்டாங்க. அவர் கீழ போகாம மேல போனார்."

"ம்" என்றார் அப்பா. "ம்" என்றாள் அம்மா. எட்வின் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தாமதமாக, "ம்" என்றார்.

"மேல ஒரே பனி. எதுவும் தெரியல. ஆனா பனிக்குள்ள யாரோ இருந்தாங்க!"

"ம்ம்ம்?" என்றது அல்பாக்கா.

பூங்கோதை துள்ளிவிட்டாள். "ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல! கூட்டம்! பெரிய கூட்டம்!"

"ம்ம்ம்! ம்ம்ம்!"

பனி "ம்ம்ம்" என்றது. இடப்பக்கம் ஒரு "ம்ம்ம்". வலப்பக்கம் ஒன்று. பிறகு மலையே மோட்டார் போட்ட மாதிரி முனகத் தொடங்கியது. பனியைத் தள்ளிக்கொண்டு தலைகள் வந்தன. வெள்ளை, சாம்பல், கருப்பு, வெல்லப்பாகு நிறம், காபி நிறம். உப்பிய ரோமக்காரர்கள் பாதி. சடை சடையாகத் தொங்குகிற ரோமக்காரர்கள் மீதி. முன்னதற்கு வாகாயா, பின்னதற்கு சூரி என்று எட்வின் சொன்னார். பூங்கோதை கேட்கிற நிலையில் இல்லை. அவள் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லா மூக்குகளும் அவளுடைய அல்பாக்காவை முகர்ந்தன. அது கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

அப்போது கூட்டத்தின் ஓரத்தில் நின்ற வெல்லப்பாகு நிறத்துக்காரி நின்ற நிலையிலேயே குட்டி போட்டாள்.

"பொழுது இருக்கறப்பவே போட்ருவாங்க" என்றார் எட்வின். "குளுருக்கு முன்னால குட்டி காயணுமில்ல."

தாய் அல்பாக்கா குட்டியை நக்கவில்லை. அல்பாக்காக்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. குட்டியிடம் முகத்தைக் கொண்டுபோய் முனகினாள், அவ்வளவுதான். குட்டி ஈரத்தோடு நடுங்கியது. அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு பச்சைக் கறையோடு இருந்த சட்டையைக் கழற்றி, மண்டியிட்டு, மோட்டாரின் உள்பாகத்தைத் துடைக்கிற கவனத்தோடு குட்டியைத் துடைத்தார். காதுக்குள், விரலிடுக்கில், வயிற்றுக்கு அடியில். குட்டி எழுந்து நிற்கப் பார்த்தது, விழுந்தது. மறுபடி நின்றது.

"இதுக்கு க்ரியான்னு பேருப்பா. அல்பாக்கா குட்டிய அப்படித்தான் சொல்லுவாங்க."

"நிக்குது பாரு கண்ணு" என்றார் அப்பா. வெற்று உடம்போடு அந்தக் குளிரில் அவர் குரல் நடுங்கியது. குளிரால்தானா என்று அம்மா கேட்கவில்லை. "எட்வின் தம்பி. குட்டி நிக்குது பாருங்க."

"நிக்குதுங்கண்ணா."

"கீழ வந்துருங்க" என்றார் அப்பா. "நீங்களும், லாமாவும். எல்லாருமே வந்துருங்க. எடம் பத்தலைன்னா மேல கட்டிக்கலாம்."

இறங்குவது சுலபமாக இருந்தது. ஒரு திருப்பம் திரும்பினார்கள், மொட்டை மாடி வந்துவிட்டது. கூட்டம் முழுக்க அதில் கொள்ளவும் செய்தது. மாடி அதற்குத் தக்கபடி கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டது. எதிர்வீட்டுக்காரர்கள் அவர்கள் மாடியில் நின்று, பாயசத் தூக்கோடு வேடிக்கை பார்த்தார்கள். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

அல்பாக்காக்களுக்கு அந்த நேரம் வந்தால் கால் சும்மா இருக்காது. முதலில் குட்டி. நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டுக் கிளம்ப, பந்து மாதிரி எழும்பி, பந்து மாதிரி விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த வெல்லப்பாகு நிறத்துக்காரியும் எழும்பினாள். பிறகு சாம்பல், பிறகு காபி. பூங்கோதையின் அல்பாக்கா எல்லாரையும்விட உயரமாக எழும்பியது. எட்வின் குல்லாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு குதித்தார். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு குதித்தாள். எதிர் மாடியில் பாயசம் சிந்தியது.

"நாலு காலும் ஒண்ணா எந்திரிக்கோணும்ப்பா!" என்று காற்றிலிருந்து பூங்கோதை கத்தினாள்.

"எனக்கு ரெண்டுதானே கண்ணு இருக்குது!"

"கையையும் சேத்துக்குங்க!"

அப்பா கையையும் சேர்த்துக்கொண்டார்.

மொட்டை மாடியில் அந்தக் கணம் யாருமே இல்லை. எல்லாரும் காற்றில் இருந்தார்கள்.